குஞ்சலத்துக்கு நான் வார்த்த தீர்த்தம்

பக்தி முற்றினால் என்ன ஆகும் என்று என்னிடம் கேளுங்கள். மூன்று வருடங்களுக்கு முன், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட தண்ணீரைக் கொண்டே என் அக்கா வளர்த்த ஓர் உயிரைக் கிட்டத்தட்ட முழுசாகக் கொன்றவன் நான். இதில் கூடுதல் கேவலம், நான் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். (கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைதான். இருந்தாலும் அறிவியல்தானே.)

அந்த உயிர் ஒரு பவளம். ஈப்போவில் அத்தான் வீட்டு வரவேற்பறையில் நாலடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. அதற்குள் கிளைக்கு ஒரு தலையாக, ஏழு தலைகளோடு அது ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தலையிலும் விரல் நீளத்துக்கு இழைகள், நுனியில் பச்சைப் பொட்டு. ஜடைக் குஞ்சலம் மாதிரி இருக்கிறதென்று அக்கா அதற்குக் குஞ்சலம் என்றே பெயர் வைத்தாள். ஒற்றைத் தலையாக வாங்கி வந்து ஏழாக்கியவள் அவள்தான். புற்றுநோயில் அவள் போன பிறகு அத்தான் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் சாப்பிட்டார், அங்கேயே நாற்காலியில் தூங்கினார். எங்களோடு பேசியதைவிடக் குஞ்சலத்தோடு பேசியது அதிகம்.

அடுத்த வருடம் அவருக்கே இதயத்தில் அறுவை சிகிச்சை என்றானது. மகள் யாழினியோடு பினாங்குக்குப் புறப்படும்போது என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"மச்சான், தண்ணி ஆவியா போயி கொறையும். டெய்லி ஃபில்டர் தண்ணி ஊத்தி கண்ணாடில போட்டிருக்க கோட்டுக்குக் கொண்டாந்துடணும். அந்த நீல பால்டிலதான் ஊத்தணும். வேற எதுலயும் ஊத்தாத."

"நான் பாத்துக்கிறேன் அத்தான். நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்க."

"எனக்கு ஒண்ணு ஆனாலும் பரவால்லடா. அது இருக்கணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினேன். முதல் வேலையாக அந்த நீல வாளியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தரை துடைக்கும் வாளியின் உடன்பிறப்பு. அக்காவின் ஞாபகமாக இருக்கும் ஒரே உயிருக்கு இதிலா தண்ணீர் வார்ப்பது? சாமி மேடையில் ஒரு செப்புக் குடம் இருந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் காசு சேர்த்து, அக்காவுக்குச் சீராகக் கொடுத்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று மின்னியது. தண்ணீரை நிரப்பி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கும் அக்கா படத்துக்கும் நடுவில் வைத்தேன். மறுநாள் காலை அத்தான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொட்டியில் ஊற்றினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் கீழே மல்லாந்து கிடந்தன. ஓய்வெடுக்கின்றன என்று நினைத்தேன். (ஓய்வு! நத்தைக்கு!) ஐந்தாம் நாள் இறால்கள் செத்தன. ஆறாம் நாள் குஞ்சலம் இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு தலையின் சதை கிழிந்து தொங்க, அடியில் வெள்ளை எலும்பு தெரிந்தது.

தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தேன். உப்பு சரி. சூடு சரி. வெளிச்சம் சரி. மீன்களோ கொழுகொழுவென்று நீந்தின. மீன் நன்றாக இருக்கிறதென்றால் தண்ணீரில் குற்றமில்லை. ஆகவே குற்றம் என் வேண்டுதலில்தான் என்று முடிவு கட்டினேன். தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு வெளியே ஊற்றி இடம் பண்ணி, காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று தீர்த்தத்தைக் கூட்டினேன். அது சாகச் சாக நான் கும்பிட்டேன். நான் கும்பிடக் கும்பிட அது செத்தது.

எட்டாம் நாள் காலை யாழினி அழைத்தாள். "மாமா, இன்னும் கொஞ்ச நேரத்துல அப்பாவ உள்ள கொண்டுபோறாங்க. குஞ்சலத்தப் பாக்கணுமாம்லா. ஒரு போட்டோ அனுப்புங்க."

தொட்டியைப் பார்த்தேன். ஐந்து தலைகள் வெறும் எலும்பு. இதைப் பார்த்தால் அந்த மனுசன் அறுவை மேசையிலேயே போய்விடுவார். என் கைப்பேசியில் அக்கா எப்போதோ அனுப்பிய பழைய படம் ஒன்று இருந்தது, ஏழு தலையும் விரிந்தபடி. அதை அனுப்பிவிட்டேன். அத்தானிடமிருந்து கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மதியம் செய்தி வந்தபோது உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு போத்தல் தொட்டித் தண்ணீரையும் செத்த இறாலையும் எடுத்துக்கொண்டு, தாளில் எழுதியிருந்த மீன் கடைக்கு ஓடினேன். வயதான சீனர். மலாயில் கேட்டார்.

"இக்கான்?" மீன் சுகம் என்றேன். "சிப்புட்?" நத்தை செத்தது. "ஊடாங்?" இறால் இதோ என்று நீட்டினேன்.

"ஆடா தெம்பாகா?" என்றார். செம்பு ஏதாவது உள்ளே போனதா என்று கேட்கிறார். சத்தியமாக இல்லை, நான் ஊற்றுவது புனித நீர் என்று சொல்லி, நானே புளி போட்டுத் தேய்த்தது என்று குங்குமத்தோடு மின்னும் குடத்தின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ராச்சுன்" என்றார். விஷம். மீன் தாங்கும், நத்தையும் இறாலும் பவளமும் துளிச் செம்பைக்கூடத் தாங்காது, நீ அதைப் புளி போட்டு வேறு கரைய விட்டிருக்கிறாய் என்று விளக்கினார்.

கடையைச் சாத்திவிட்டு அவரே வந்தார். சதை மிச்சமிருந்த இரண்டு தலைகளை வெட்டித் தன் கடைத் தொட்டிக்கு எடுத்துப் போனார். நான் நாள்தோறும் தண்ணீரை மாற்றினேன். அவர் கொடுத்த வடிகட்டிப் பஞ்சு இரண்டே நாளில் நீலமாகிவிட்டது. இருபது வருடமாகப் பள்ளியில் நான் கழுவிவரும் மயில்துத்தத்தின், அதாவது செம்பு உப்பின், அதே நீலம். வெட்டிய இரண்டில் ஒன்று செத்துப்போனது; பிழைத்ததைத் தண்ணீர் தெளிந்ததும் அவரே கொண்டுவந்து வைத்தார்.

அத்தான் திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரே ஒரு தலை, சுண்டுவிரல் அளவில். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்: "தெரியும்."

கைப்பேசியில் நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தொட்டிக் கண்ணாடியில் நிழலாக, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா நின்றாள். நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பழைய போட்டோ வருதுன்னா அங்க அது போயிடுச்சுன்னு வெளங்கிருச்சு. ஆனா மச்சான், அவளப் பாத்துட்டுத்தான் உள்ள போனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பால்டிலதானே ஊத்தச் சொன்னேன், மடையா?" என்றார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு யாழினி நீல வாளிக்கு மாலை போட்டு என்னை விழுந்து கும்பிடச் சொன்னாள். கும்பிட்டேன். இன்றுவரை நான் குடும்பக் குழுவில் எந்தப் படத்தைப் போட்டாலும், அது சாப்பிட்ட தோசையாக இருந்தாலும், அவள் உடனே கேட்பாள்: "மாமா, இது எந்த வருசம்?" எல்லோரும் சிரிப்பார்கள்.

போன தீபாவளிக்குக் குஞ்சலத்தின் மூன்றாவது தலை விரிந்தது. நானே படம் எடுத்துப் போட்டேன். வழக்கம்போல யாழினி வருசம் கேட்டாள். இந்த முறை அத்தான் பதில் எழுதினார்:

"இப்ப எடுத்ததுதான்லா. கண்ணாடியில அவ இல்ல."