ஒரே காலையில் ஏழு சாவு

உயிரோடு இருந்தவர்களை நான் சாகடித்திருக்கிறேன். ஒருவர் இருவர் இல்லை, ஏழு பேர். அதில் நானும் ஒருத்தி, என் வீட்டுக்காரரும் ஒருவர். கத்தி எடுக்கவில்லை, சூனியம் வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தேன். (என் கூடை தராசில் ஏறினால் எடை எழுதும் கிராணியே எழுந்து வந்து பார்ப்பார். இதைச் சொல்லாமல் என்னால் எந்தக் கதையையும் தொடங்க முடியாது.) வேலையை விட்டதும், ஈப்போவில் டீச்சராக இருக்கும் என் மகள் செல்வி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். திருவிழா, கல்யாணம், சாவு எல்லாம் அதில் வரும். வெளியூர் போன பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள். எழுதுவது நான். அப்போது எனக்கு இருந்த மிடுக்கு தோட்டத்துத் துரைக்குக்கூட இருந்திருக்காது.

எழுதும் சாஃப்ட்வேரில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். எனக்கு அது தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். இடது பக்கப் பொத்தான் ஊருக்கு அனுப்பும். வலது பக்கப் பொத்தான் உள்ளேயே பத்திரமாக வைக்கும்.

ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். ஒரு முறை சாவுச் செய்தியை நான் எழுதி முடிப்பதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். ஜோகூரிலிருந்து வந்த மகன் வெறும் பந்தலைப் பார்த்துவிட்டு அழுதான். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். லயத்தில் வயதான ஏழு பேருக்கும் சாவுச் செய்தியை முன்கூட்டியே எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டு, உள்ளே வைத்துவிட்டேன். என்னுடையதும் உண்டு. (அதுதான் எல்லாவற்றிலும் நீளம்.)

பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கு எழுதியதில் ஒரு வில்லங்கம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மன் திருவிழாவில் பாக்கியம்தான் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சேலை மாற்றப் போனவள், "கொஞ்சம் கிண்டி, சர்க்கரையப் போடு அக்கா" என்றாள். கண்ணாடி போட்டால் கிழவி என்பார்களே என்று நான் கண்ணாடி போடுவதில்லை. சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டிவிட்டேன். ஊரே துப்பியது. பழி பாக்கியத்தின் மேல் விழுந்தது. "நீதானே கிண்டுன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "எனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் இருமினால் என் வீட்டு டம்ளர் அதிரும். ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் சாவுச் செய்தியில் உண்மையை எழுதி வைத்தேன். அவள் போன பிறகு ஊர் தெரிந்துகொள்ளட்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, என்று.

அன்று காலை பனி சன்னல் வரைக்கும் வந்து நின்றது. கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பெட்டி வந்தது. சாஃப்ட்வேர் தன்னைப் புதுசாக்கிக்கொள்ளும் என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, என் ஏழு செய்தியையும் வரிசையாக அடுக்கிக் காட்டி, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று வலது பக்கப் பொத்தானை அழுத்தினேன். பொத்தான்கள் இடம் மாறியிருந்தது எனக்குத் தெரியாது.

தேத்தண்ணி கொதிக்கும்போது போன் அடித்தது.

"ஹலோ, அஞ்சலை பேசுறேன்."

"ஐயோ!" என்று ஒரு அலறல். போன் நின்றுவிட்டது.

மறுபடி அடித்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "யாரு பேசுறது?" என்று ஒரு கிழவர் குரல்.

"அஞ்சலைதான். நீங்க யாரு?"

"தாயே, போயிடு தாயே. உனக்குப் படையல் வைக்கிறேன்."

அந்த நேரத்தில் பனிக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம். கம்போங் ராஜா டவுனுக்கு ரொட்டி வாங்கப் போன என் வீட்டுக்காரர் மாரிமுத்து வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஏ புள்ள, கடக்காரன் ரொட்டி குடுக்க மாட்டேங்குறான்லா. என்னப் பாத்து பின்னாலயே போறான். கையக் கும்பிட்டுக்கிட்டு, 'பாக்கியம் அக்காவும் உங்ககூடத்தான் போனாங்களா'ன்னு கேக்குறான். பாக்கியம் எங்க போனா?"

பலகைச் சுவரில் காதை வைத்தேன். இருமல் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை. இரண்டு வருடமாக எனக்கு எரிச்சல் மூட்டிய அந்த இருமல் இல்லாமல் வீடு கிணறு மாதிரி இருந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டி கொட்டுனேன், நான்தான்டி" என்று அழுதேன்.

"அத இங்க வந்து சொல்லு."

குரல் வாசலில். பனிக்குள் வெள்ளைக் குளிர்சட்டையும் குடையுமாக ஒரு உருவம். கால் தரையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பச்சை ரப்பர் செருப்பு. பாக்கியமேதான்.

"கோலா தெர்லா தோட்டத்துல முட்டக்கோசு வெட்டப் போனேன். மவன் போன் பண்ணி அழுவுறான், நான் செத்துட்டேனாம்." கைப்பேசியை நீட்டினாள். "ஒன் ப்ளாக்தான? வாசி."

"ஒம் மவன் வாசிச்சிருப்பானே..."

"வாசிச்சான். எனக்கு ஒன் வாயால கேக்கணும்."

அன்றைக்குத்தான் முதல் முறையாக இன்னொருத்தர் முன்னால் கண்ணாடி போட்டேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "அம்மன்... பொங்கலில்... உப்பைக் கொட்டியது... நான். பழியை இவள் சுமந்தாள். இவளைப் போல ஒரு சினேகிதி எனக்கு இனி இல்லை."

பாக்கியம் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் செத்தாத்தான் சொல்லுவியோ? நீ முன்னால போயிருந்தா? ஒன்னோடதுல கூடை எடை மட்டும்தான லா இருக்கு!"

"என்னோடதுல ரெண்டே வரி" என்றார் மாரிமுத்து, அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. "'நல்ல மனிதர். குறட்டை விடுவார்.' நாப்பத்திமூனு வருசம் குடும்பம் நடத்துனதுக்கு!"

பாக்கியம் சிரித்துவிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி போடு. சீனி டப்பாவ மட்டும் நான் எடுத்துக்குறேன்" என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் தேத்தண்ணி போட்டாலும் இந்த வசனம் வந்துவிடும்.

செல்வி ஓடிவந்து ஏழு செய்தியையும் அழித்தாள். ஆனால் உள்ளே காத்திருக்கும் செய்திகளை எண்ணிக் காட்டும் மூலையில் 'ஏழு' என்ற எண் மட்டும் இன்னும் நிற்கிறது. திறந்தால் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேர் கோளாறு, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்கிறாள்.

அந்த அடுத்த அப்டேட் தினமும் காலையில் பெட்டியாக வந்து கேட்கிறது: இப்போதா, பிறகா? அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லை மட்டும் நான் நன்றாகப் படித்துக்கொண்டேன்.

பலகைச் சுவரை பாக்கியம் தட்டுவாள். "அக்கா, அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன். பிறகுதான்."

"அப்ப சரி" என்று இருமிவிட்டு, குளிர்சட்டையை மாட்டிக்கொண்டு கோசு வெட்டப் போவாள்.