நாலு வயிற்று வழக்கு

ஒரு காட்டில் (காட்டின் பெயர் எதற்கு, சொன்னால் நடந்ததாகிவிடும்) ஒரு தழை முளைத்தது. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு மழை பெய்தால் போதும், வழியோரமெல்லாம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. தின்றால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்துப் பசி வரும். அப்புறம் தூக்கம் வரும். காட்டில் அதைச் சிரிப்புத்தழை என்றார்கள். நாட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொன்னால் கதை சொல்கிறவனையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால் நாமும் சிரிப்புத்தழை என்றே வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் சிங்கராஜா தெரியாத்தனமாக ஒரு வாய் தின்றுவிட்டுத் தர்பாருக்கு வந்தார். கர்ஜிக்க வாயைத் திறந்தார். 'களுக்' என்றது. மறுபடி திறந்தார். மறுபடியும் களுக். முயல்கள் ராஜாவைப் பார்த்து, "பரவாயில்ல, நல்ல மனுஷனாத்தான் இருக்காரு" என்று பேசிக்கொண்டன. ராஜ்யத்துக்கு இதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலமே சட்டம் வந்துவிட்டது.

சிரிப்புத்தழையை வைத்திருப்பது குற்றம். ஒரு கிலோவுக்குள் இருந்தால் எச்சரிக்கை. இருபது கிலோவைத் தாண்டினால் அது வியாபாரம். பத்து வருஷம் சிறை. தழை எதற்குள் இருக்கிறதோ அதோடு சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எழுதிய குமாஸ்தா மந்தியின் மனதில் இருந்தது சாக்குப்பைதான். பாவம், வயிறு என்று ஒன்று இருப்பது அப்போது அதற்கு ஞாபகம் வரவில்லை.

இந்தக் காட்டின் ஓரத்தில் மாரிக்கொழுந்து என்றொரு வெள்ளாடு இருந்தாள். நிறைசினை. இன்றோ நாளையோ என்று வயிறு இறங்கியிருந்தது. எப்போதோ ஒரு சிறுத்தை அவளுடைய பின்னங்காலைக் கவ்வி, என்ன நினைத்ததோ விட்டுவிட்டுப் போயிருந்தது. மழை பிடித்தால் அந்தக் காலில் உயிர் போகிற வலி வரும். இரண்டு கொத்து சிரிப்புத்தழை தின்றால் அந்த வலி பக்கத்துத் தெருச் சண்டை மாதிரி தள்ளிப் போய்விடும். சட்டம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. 'வச்சிருக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கு? ஆடு எதை வச்சிருக்கும்? கண்டா திங்கும்' என்பது அவள் கணக்கு.

அன்றும் தின்றாள். வலி போயிற்று. ஒரு வெட்டுக்கிளி தாவி, குறி தவறி, குட்டையில் விழுந்தது. அதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது ஏட்டு வராகசாமி வந்தார். காட்டுப்பன்றி. மூக்குக்காகவே வேலை கிடைத்தவர்.

"என்ன சிரிப்பு?" என்றார்.

"வெட்டுக்கிளி ஏட்டையா..."

ஏட்டு அவள் வாயை மோந்தார். "தழை எங்க?"

"சாப்பிட்டுட்டேன்."

"சாப்பிட்டா குத்தமில்ல. வச்சிருந்தாத்தான் குத்தம். சாப்பிட்டது இப்ப எங்க இருக்கு?"

"வயித்துலதான் இருக்கும்."

"ஆக, வச்சிருக்க" என்று சொல்லிவிட்டு ஏட்டு நோட்டைப் பிரித்தார். "உனக்கு எத்தன வயிறு?"

மாரிக்கொழுந்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. தழை தின்ற நேரத்தில் சுத்தமாகத் தெரியாது. "நாலு" என்றாள்.

ஏட்டுக்கு உடம்பு புல்லரித்தது. பதினெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் அவருக்குச் சிக்கியதில்லை. "நாலு எடத்துல பதுக்கல்" என்று எழுதினார். "திங்குறத அப்படியே உள்ள வச்சுக்குவியா?"

"இல்ல ஏட்டையா, சாயங்காலமா திரும்ப வாய்க்குக் கொண்டாந்து அசைபோட்டு, அடுத்த வயித்துக்கு அனுப்புவோம்."

"ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு! அதுக்குப் பேரு கடத்தல்மா." நோட்டில் இன்னொரு வரி ஏறியது. அந்த நேரம் பார்த்து மாரிக்கொழுந்து பயத்தில் நாலைந்து புழுக்கை போட்டுவிட்டாள். ஏட்டு குனிந்து பார்த்தார். உள்ளே விதை இருந்தது. "சாகுபடியும் பண்றியா நீ?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியே விட்டது. பதவி உயர்வு நிச்சயம்.

எடை மேடையில் நீண்ட வரிசை. மாரிக்கொழுந்துக்கு முன்னால் ஒரு மலைப்பாம்பு டோக்கனை வாலில் சுற்றிக்கொண்டு புலம்பியபடி கிடந்தது. "நான் தழையப் பாத்ததே இல்ல தாயி. ஒரு முயல முழுங்கினேன். அது தின்னிருக்கு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இப்ப முயல், தழை, நான் எல்லாம் சேந்து அம்பது கிலோவாம்." சொல்லி முடித்ததும் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. முயல் அவ்வளவு தின்றிருந்தது.

மாரிக்கொழுந்து மேடையில் ஏறினாள். முப்பத்துநாலு கிலோ.

"அதுல என் குட்டியும் இருக்கு ஏட்டையா! அதக் கழிச்சுக்குங்க!"

"குட்டி உடந்தை. உன் கூடவே இருந்திருக்கு, தடுக்கல. ஒரே வழக்குல உள்ளவங்கள சேத்துத்தான் நிறுக்கணும். அது விதி" என்று சொல்லி, 'சான்றுப் பொருள்' என்று எழுதிய அட்டையை அவள் கழுத்தில் கட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பத்து வருஷம். ஆட்டின் ஆயுசே பன்னிரண்டு. அவளுக்கு இப்போதே ஐந்து. அவள் வெளியே வரப்போவதில்லை. குட்டி சிறைக்குகையில் பிறக்கும், புல் என்றால் என்னவென்று கேட்கும். சிரிப்பெல்லாம் இறங்கிப்போய் அவள் அழுதாள். இவ்வளவுக்கும் காலில் வலி மட்டும் இல்லை, தழை நல்ல தழை.

மறுநாள் வழக்கு. அவளுக்காக வந்தவர் வக்கீல் வேலியப்பன். ஓணான். வாயில் சரஸ்வதி குடியிருந்தாள், கழுத்தில்தான் கோளாறு. பிறவியிலேயே தலையாட்டுகிற இனம். ஏட்டு எழுந்து பதுக்கல், கடத்தல், சாகுபடி என்று ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, வேலியப்பன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். 'எதிர்த்தரப்பு வக்கீல் அனைத்தையும் ஒப்புக்கொண்டார்' என்று குமாஸ்தா மந்தி எழுதிவிட்டது.

ஆனால் பேச ஆரம்பித்தாரே, கோர்ட்டே அசந்துவிட்டது.

"கனம் நீதிபதி அவர்களே! இலுப்பைப்பூவைப் புளிக்கவைத்துக் குடிக்கும் கரடிகளைப் பாருங்கள். நேற்று இரண்டு கரடிகள் ஒரு மரத்தைத் தம்பி தம்பி என்று கட்டிப்பிடித்து அழுதன. பிறகு அந்தத் தம்பி யாருக்குச் சொந்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டன. அவை குடித்த கடையை நடத்துவது யார்? நம் அரசவை! சிரிப்புத்தழை தின்றவர் யாரையாவது அடித்ததுண்டா? சண்டைக்குக் கிளம்பினாலும் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்து, பலாப்பழம் இருக்கிறதா என்று கேட்பார்!"

கோர்ட்டில் சிரிப்பலை. சிரித்தவர்களையெல்லாம் ஏட்டு சந்தேகத்தோடு மோந்து பார்த்தார்.

"சிறைக்குகையில் யார் இருக்கிறார்கள்? ஐம்பது முயல், பதினேழு ஆடு, ஒரு ஆமை. ஆமை மேல் தப்பி ஓட முயன்றதாகத் தனி வழக்கு வேறு! போன மழையில் மூன்று மான்குட்டிகளைக் காணோம். சிறுத்தையை விசாரித்தார்களா? ஆளில்லை என்றார்கள். ஆளெல்லாம் ஆட்டின் வாயை மோந்துகொண்டிருக்கிறார்கள்! குட்டிகளுக்குக் கொடுக்காதே என்று விதி போடுங்கள், தின்றுவிட்டு மரத்தில் ஏறாதே என்று விதி போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வலிக்கு இரண்டு கொத்து தின்ற ஒரு தாயைக் கடத்தல்காரி என்பது என்ன நியாயம்? அவள் வயிறு என்ன லாரியா?"

நீதிபதி கஜபதி பெரிய யானை, நிதானமானவர். "வாதம் பிரமாதம். ஆனால் தராசு முப்பத்துநாலு காட்டுகிறதே. தராசோடு வாதாட முடியுமா? பொருளைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம்."

ஆடு மேய்ந்த வழியோரத்தில் மிச்சம் நின்ற தழையை அறுத்துப் பறிமுதல் செய்திருந்த கட்டை ஏட்டு கொண்டுவந்து வைத்தார். நீதிபதி அதைத் தும்பிக்கையால் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வாசனை பார்த்தார். தும்பிக்கையில் ஏறுகிற பச்சைக்கு அடுத்துப் போகிற இடம் ஒன்றுதானே? நாற்பது வருஷப் பழக்கம். கை தானாக வாய்க்குப் போயிற்று. யோசனையோடு மென்று, யோசனையோடு விழுங்கி, "ம், வழக்கைத் தொடருங்கள்" என்றார்.

யாரும் தொடரவில்லை. சற்று நேரத்தில் தும்பிக்கைக்குள்ளிருந்து நாதஸ்வரக்காரர் சுதி பார்ப்பது போல ஒரு சத்தம் வந்தது. நீதிபதி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு வராகசாமி மேல் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஆள் பார்த்துச் சட்டம் பேசமாட்டார். ஆள் பார்க்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி கிடையாது. ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே நீதிபதியின் மேடைக்குப் போனார். "ஐயா, மன்னிக்கணும். வயித்துல வச்சிருக்கீங்களா?"

"ஒரே வயித்துலதான்யா!" என்று நீதிபதி பெருமையாகச் சொல்லி, மறுபடி சுதி பிடித்தார்.

எல்லோரும் எடை மேடைக்கு ஊர்வலமாகப் போனார்கள். நீதிபதி ஒரு கால் வைத்தார். தராசுத் தட்டு பூமிக்குள் போயிற்று. முள் ஆகாயத்துக்குப் போயிற்று, இன்றுவரை வரவில்லை. அங்கேயே நின்றபடி தீர்ப்பு சொன்னார். "எடை தெரியாவிட்டால் அளவு இல்லை. அளவு இல்லாவிட்டால் குற்றம் இல்லை. நிறுக்க முடியாதவரைச் சட்டம் தொடாது. ஆகவே நான் விடுதலை." கரகோஷம். "ஆடு, முப்பத்துநாலு கிலோ. பத்து வருஷம்."

மாரிக்கொழுந்துக்குக் காது அடைத்தது. உள்ளே குட்டி ஓர் உதை விட்டது. அவ்வளவுதான், பயமெல்லாம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல் கோபம்.

"இருங்க சாமி! நீங்க தின்ன தழை யார் வழக்குத் தழை?"

"உன் வழக்குத் தழை."

"அப்ப நீங்களும் நானும் ஒரே வழக்கு. ஒரே வழக்குன்னா சேத்துத்தான் நிறுக்கணும். என்ன ஏட்டையா?"

"ஆமாங்கய்யா, அதுதான் விதி" என்றார் ஏட்டு, அட்டென்ஷனில்.

மாரிக்கொழுந்து நொண்டிக்கொண்டு போய் நீதிபதியின் காலோடு ஒட்டி நின்றாள். "நிறுங்க இப்ப."

வேலியப்பன் தலையை ஆட்டினார். நீதிபதி குனிந்து அவளைப் பார்த்தார், உடைந்த தராசைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "எடை தெரியவில்லை! போம்மா, போ!" என்றார். அவள் கழுத்து அட்டையை அவரே பிய்த்துப் போட்டார்.

சட்டம் மாறியதா? ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் காலையில் நீதிமன்ற வாசலில் ஒரு புதிய படிவம்தான் வந்தது: 'யானையோடு சேர்ந்தவர் என்பதற்கான சான்றிதழ்.' மூன்று பிரதி. வரிசை ஆற்றைத் தாண்டி நின்றது. முயல்கள் தாய்மாமன் முறை என்று எழுதின. ஆமை, தோல் ஒரே மாதிரி சுருங்கியிருப்பதால் பங்காளி என்றது. மலைப்பாம்பு தும்பிக்கை வழிச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துக்குப் பதில் வாலை வைத்தது. தெளிந்துவிட்ட நீதிபதி ஒவ்வொன்றிலும் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் தராசை ரிப்பேர் செய்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. சாயங்காலத்துக்குள் சிறைக்குகை காலி.

மாரிக்கொழுந்து திறந்த புல்வெளியில், பட்டப்பகலில் குட்டி போட்டாள். ஒற்றைக் கிடாக்குட்டி. நக்கித் துடைத்து அதை நிறுத்தி வைத்தபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு எந்தத் தழையும் தேவைப்படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் ஒரு படிவம் கொடுத்திருந்தாள். அதில் நீதிபதி என்ன முறை என்று கேட்ட இடத்தில், குட்டிக்குப் பெரியப்பா என்று எழுதியிருந்தாள். முறை என்று வந்துவிட்டால் வந்து பார்க்காமல் இருக்க முடியுமா? சாயங்காலம் நீதிபதி கூச்சத்தோடு ஒரு கட்டு அகத்திக்கீரை எடுத்துக்கொண்டு வந்தார். குட்டி தள்ளாடித் தள்ளாடிப் போய், பெரியப்பாவின் கால் நகத்தில் முட்டி முட்டிப் பால் தேடியது.

நீதி: மாட்டிக்கொள்வதென்றால் பெரிய இடத்தோடு சேர்ந்து மாட்டிக்கொள், தனியாக மாட்டினால் நிறுத்துப் பார்த்துவிடுவார்கள்.