பரிசமாக ஒரு பி.எஸ்.டூ

"எனக்கு ஒரு பி.எஸ்.டூ வேணும். அதைக் கொண்டாந்து குடுத்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்."

கவிப்ரியா இதைச் சொல்லும்போது காப்பித் தட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. எதிரே பெண் பார்க்க வந்த ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். அடுப்படிக்குள் அம்மா பஞ்சம்மாள் கையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது.

காலையிலிருந்து பஞ்சம்மாள் ஓதிக்கொண்டே இருந்தாள். "குனிஞ்சு நில்லு. கேட்டா மட்டும் பதில் சொல்லு. நீயா அவங்ககிட்ட ஒண்ணையும் கேட்டுறாத. பொம்பளப் பிள்ளை வாயத் தொறந்து கேட்டான்னு வெளிய தெரிஞ்சுச்சு, அப்பறம் ஒருத்தன் நம்ம வாசப்படி ஏற மாட்டான்."

ஒருத்தனும் ஏறக்கூடாது என்பதுதான் கவிப்ரியாவின் ஆசையே.

அந்த வகையறாவில் காலேஜ் போய்ப் பட்டம் வாங்கின முதல் ஆள் அவள். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கான ஆர்டரே வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் போய்ச் சேர வேண்டும். அய்யா பாண்டீஸ்வரன் ஆர்டரை வாங்கி, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "கல்யாணத்த முடி. புருசன் அனுப்புனா போ" என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று நாலு நாள் கத்திப் பார்த்தாள். அந்த வீட்டில் பெண் சொல்கிற வேண்டாமுக்கு மதிப்பில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் மட்டும் எல்லோருக்கும் காது கேட்கும். சரி, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவோம் என்று இறங்கிவிட்டாள்.

இரண்டு பூட்டுப் போட்டிருந்தாள். ஒன்று, இந்தத் திமிரைப் பார்த்ததுமே அவர்கள் எழுந்து போய்விட வேண்டும். அப்படியும் போகாவிட்டால், அவள் கேட்ட சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. செய்த கம்பெனியே அதை நிறுத்திப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல் ஆகிறது.

முதல் பூட்டு அப்போதே திறந்துகொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா கலைச்செல்வி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். "யாத்தா, இன்னொரு தடவ சொல்லு."

"பி.எஸ்.டூ. டிவில மாட்டி ஆடுற கேமு. கறுப்பு டப்பா."

"யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஏன், எனக்கு வாயில்லையா? நானாத்தான் கேக்குறேன்."

"எம் மகன் போன்ல கீன்ல பேசுனானா?"

"அவரு மூஞ்சியவே இப்பத்தான் பாக்குறேன்."

கலைச்செல்வி இரண்டு கையாலும் அவள் கன்னத்தைத் தடவித் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடுக்கின. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "கொலசாமி கண்ணத் தொறந்துட்டா" என்றாள்.

மாப்பிள்ளை யோகேஸ்வரன் சோலார் பிளான்ட்டில் சூப்பர்வைசர். அவர் வாயில் போட்ட மிக்சரை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. முகம் வெயிலில் போட்ட கருவாடாகச் சுருங்கியிருந்தது. பரவாயில்லை, இந்த ஒருத்தனுக்காவது ரோசம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிடுவான் என்று கவிப்ரியா நம்பினாள்.

அவர்கள் போனதும் பாண்டீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏத்தா, மானத்த வாங்கிட்டியே. கேட்டதுதான் கேட்ட, வெளங்குற மாதிரி ஒண்ணக் கேட்டிருக்கக் கூடாதா?"

கவிப்ரியா உள்ளே போய்க் காலேஜ் தோழி உம்மு ஹபீபாவுக்குப் போன் போட்டாள். பெரியபட்டினத்தில் ஹபீபா வீட்டில்தான் அவள் அந்த டப்பாவை முதன்முதலில் பார்த்ததும், ஆடப் பழகியதும்.

"ஏய், நிசமா எங்கயும் கெடைக்காதுல்ல?"

"கடையில கெடைக்காது. சவுதி போய் வந்தவங்க வீட்டு பீரோவுல கெடக்கும். ஆனா ஒருத்தரும் தர மாட்டாங்க. எங்க வாப்பாவ எடுத்துக்க, அதத் தர்றதுக்குப் பதிலா என்னயத் தூக்கிக் குடுத்துருவாரு."

கவிப்ரியா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

நாலாம் நாள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கலைச்செல்வி இறங்கினாள். பின்னாலேயே ஹபீபாவின் வாப்பா மீரா சாகிபு, குளிப்பாட்டின பிள்ளையைத் துவட்டிக்கொண்டு வருகிற மாதிரி, துண்டில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"மாரியூரு, புதுமடம், ஒரு ஊரு விடல" என்று கலைச்செல்வி மூச்சு வாங்கினாள். "எந்த வீட்டுலயும் இல்லேங்கல, எல்லார்ட்டயும் இருக்கு. ஒரு மனுசன், மகளோட நகைய வேணா இரவல் தாரேன், இதக் கேக்காதீகன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. கடைசியில இந்த அண்ணன் வீட்டு வாசல்ல உக்காந்து அழுதுட்டேன்."

"பொம்பள அழுதா எனக்கு இதுல கார் ரேஸ் ஓட்ட வராது" என்றார் மீரா சாகிபு. "செட்டு இனிமே ஒன்னுது கவி. ஆனா வெள்ளிக்கெழம தவிர மத்த நாளெல்லாம் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நான் வந்து ஆடிக்கிருவேன். அப்படிப் பேசித்தான் குடுத்தேன்."

கவிப்ரியா விடவில்லை. சட்டென்று கூடத்திலிருந்த புதிய டிவியின் பின்பக்கத்தைக் காட்டினாள். "இத எங்க மாட்டுறது? மஞ்ச, வெள்ள, செவப்பு மூணு ஒயரு இருக்கு. நம்ம டிவில அந்த ஓட்டையே இல்ல. எடுத்துட்டுப் போயிருங்க."

"இரு, இரு" என்றார் பாண்டீஸ்வரன். பரண்மேல் ஏறினார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பெட்டி டிவி, மிளகாய் மூட்டைக்கு அடியில் வருசக்கணக்காகப் பலகை மாதிரிக் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டினார். மூன்று ஓட்டையும் பளிச்சென்று இருந்தன. வந்திருந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்பக்கூடாது என்ற மரியாதையில்தான் செய்தார், பாவம். டிவியில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றதும் மரியாதை போய் வேறெதுவோ வந்துவிட்டது.

"எத அமுக்கணும்?"

கவிப்ரியாவுக்கு ஒரு யோசனை ஓடியது. அய்யாவுக்குத் தோற்றால் பிடிக்காது; டப்பாவையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார். சீட்டாட்டத்தில் தோற்றதற்கே மூன்று மாசம் கோயில் பக்கம் போகாத ஆள். அவரோடு உட்கார்ந்து, மூன்று சுற்று வித்தியாசத்தில் ஈவு இரக்கமில்லாமல் தோற்கடித்தாள்.

பாண்டீஸ்வரன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஏலே சாகிபு, கதவச் சாத்து. இவளச் செயிக்காம இன்னைக்கி எந்திரிக்க மாட்டேன்."

எழுந்திருக்கவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம்வரை ஓட்டினார். வளைவு வரும்போதெல்லாம் உடம்பே சாய்ந்தது. பஞ்சம்மாள் பக்கத்தில் நின்று, "இங்கன திருப்புங்க, அங்கன லாரி வருது" என்று கத்தினாள்.

கலைச்செல்வி நிறைந்த மனசோடு வெற்றிலையை மடித்தாள். "பரிசம் கை மாறிருச்சு. புதன்கெழம பூ வச்சிருவோம்."

"என்னது?" என்றாள் கவிப்ரியா.

"பொண்ணு வீடு எதையும் கேக்கக்கூடாதுங்குறதெல்லாம் நேத்து வந்த பழக்கந்தான். எங்காத்தா காலத்துல பொண்ணு வீட்டுல பரிசம் கேப்பாக, மாப்பிள வீட்டுல கொண்டாந்து போடுவாக. பெத்தவன் கை நீட்டி அத வாங்கிட்டா வாக்குக் குடுத்த மாதிரி. ஒங்கய்யா வாங்குனது மட்டுமா, மூணு மணி நேரம் கையவே எடுக்கலயே!"

ஆக, குடும்ப மானத்தைக் கெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முப்பாட்டி முறைப்படி முறையாகப் பரிசம் கேட்டிருக்கிறாள். படித்த முட்டாள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் மீரா சாகிபு சொன்ன நேரத்துக்கு வந்தார். அவரோடு ஆடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவரைத் தேடிக்கொண்டு அவர் பொண்டாட்டி வந்து, அவளும் ஒரு கை பார்த்தாள். மூன்றாம் நாள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. களத்தில் காயப்போட்ட மிளகாயை ஆடு மேய்ந்தது. ஆட்டை விரட்டப் போன ஆள், தன் முறை தவறிவிடுமென்று பாதியிலேயே ஓடிவந்தார். கையில் ஆயிரம் கேம் இருக்கிற போனை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த ஒற்றைக் காருக்காக வரிசையில் நின்றார்கள். "போன்ல ஆடுனா தனியா ஆடணும். இதுல தோக்குறவன் மூஞ்சியப் பக்கத்துலயே பாக்கலாம்ல" என்று மீரா சாகிபு விளக்கம் சொன்னார்.

ஹபீபா போனில் சிரித்தாள். "டப்பா போன சந்தோசத்துல உம்மா நன்றி சொல்லி ரெண்டு ரக்அத் நஃபில் தொழுதாங்க. வீட்டுல இப்பத்தான் டிவில நியூஸ் பாக்குறோமாம்."

"சிரிக்காதடி. நான் செத்துக்கிட்டிருக்கேன்."

திங்கட்கிழமை, அய்யா நல்ல மனநிலையில் ஜெயித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அய்யா, வியாழக்கெழம நான் வேலைக்குச் சேரணும்."

"புதன்கெழம பூ வைக்கிறாக." கண் டிவியை விட்டு அசையவில்லை. "பிரேக்கு எதுத்தா?"

"அய்யா, என் மூஞ்சியப் பாருங்க."

"பிரேக்கச் சொல்லுத்தா, முட்டப்போறேன்!"

"எனக்குப் பிரேக்கே கெடையாதுங்கய்யா" என்று எழுந்தாள். கார் சுவரில் முட்டியது. கூடமே கைதட்டிச் சிரித்தது. அன்று மாலை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஆர்டரை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். அதை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவது என்று மட்டும் வைராக்கியமாக இருந்தாள். சொல்லாமல் ஓடினால் ஓடிப்போனவள் என்பார்கள். அந்தப் பேர் அவளுக்கு வேண்டாம்.

புதன்கிழமை அதே வேன் வந்தது. தட்டுத்தட்டாக வந்தார்கள். மல்லிகைப் பூ, வாழைப்பழம், பட்டுச்சேலை. யோகேஸ்வரன் வரவில்லை. "பூ வைக்க மாப்பிள எதுக்கு? அவனுக்கு டூட்டி" என்று கலைச்செல்வி கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

கவிப்ரியா சுடிதாரில், தோளில் பையோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

"சேல எங்கடி?" என்றாள் பஞ்சம்மாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்." நேராகக் கலைச்செல்வியைப் பார்த்துச் சொன்னாள். "நாலு நாள் கத்துனேன், யாருக்கும் கேக்கல. நீங்களே வேண்டாம்னு சொல்லிருவீகன்னுதான் அத்தை அந்த டப்பாவக் கேட்டேன். அது என் தப்பு. நேராச் சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். டப்பாவத் தூக்கிட்டுப் போங்க."

"தூக்கிட்டுப் போறதா?" டிவி முன்னாலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதறினார்கள். முதல் குரல் பாண்டீஸ்வரனுடையது.

மீரா சாகிபு ஒரு பட்டனை அமுக்கினார். "ஆட்டத்த நிறுத்தி வச்சிருக்கேன். பேசி முடிங்க."

"பரிசம் கை மாறிருச்சேத்தா" என்று கலைச்செல்வி அழுகிற மாதிரி சொன்னாள். "ஒங்கய்யா ஒரு வாரமா ஆடிட்டாரே."

"ஆடுனவரு அய்யா. பூவ அவருக்கே வச்சு விடுங்க."

யாரோ பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். பாண்டீஸ்வரன் எழுந்து நின்றார். கையில் இருந்த கன்ட்ரோலரின் ஒயர் அவரைப் பாதியில் பிடித்து இழுத்தது. அதைக் கீழே போடவும் மனசில்லை, மகளைப் பிடிக்கவும் எட்டவில்லை. "ஏத்தா, கவி..." என்றார்.

"போய்ச் சேந்துட்டுப் போன் பண்றேங்கய்யா. மொளகா காயுது, ஆட்டப் பாத்துக்கங்க."

படி இறங்கினாள். செருப்பு மலையில் தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உச்சிப்புளி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கிறது என்று கணக்குப் போட்டபடி, திரும்பாமல் நடந்தாள்.

வேனுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவர் சதக்கத்துல்லா, பையோடு போகிறவளைப் பார்த்ததும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏந் தங்கச்சி, அந்த யோகேஸ்வரன் பய மூணு வருசமா, 'தானா வாயத் தொறந்து பி.எஸ்.டூ கேக்குற பொண்ணத்தான் கட்டுவேன்'னு சொல்லிச் சொல்லியே பதினோரு பொண்ணுககிட்ட இருந்து தப்பிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தான், கேக்குறதுக்கு ஒனக்கு வேற சாமானே கெடைக்கலயா?"