நாளைக்கா, இண்டைக்கா?

மன்னார்த் தீவிலும் சரி, கரையிலும் சரி, நேரங்காலம் அண்ணையைப் போல நேரத்தின் மேல் பைத்தியமாய் இருந்தவரும் இல்லை. அவரைப் போல நேரம் பிழைத்து வந்து நின்றவரும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தற்கால் நட முன்னரே பரிசோடு வந்து நிற்பார். மறுநாளும் வருவார். தாலி கட்டும் நாளில் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலம். முருங்கனில் ஒரு தகரக் கொட்டகையைக் கணினி அறை என்று சொல்லித் திறந்தார்கள். அதில் நான் பிரிண்டர் திருத்துபவன், அவர் புரோகிராம் எழுதுபவர். கைக்குழந்தையாய் வள்ளத்தில் அக்கரைத் தமிழ்நாட்டுக்குப் போய், அகதி முகாமிலேயே வளர்ந்து, கணினியும் படித்துத் திரும்பியவர். பேச்சு முழுக்க இந்தியா.

எங்கள் சுற்று வட்டாரத்துக்கு இருந்தது ஒரேயொரு பொது உழவு மிசின். யாருக்கு எப்போது வேண்டுமோ அவர்கள் தங்கள் வாயில் வருகிறபடியே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். கணினி அதை வாசித்து முறை வைக்கும். இதுதான் திட்டம். அதைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செய்திகள் வேண்டுமே! அதற்காக, விசையைத் தட்டினால் கண்டபடி நேரம் உதிர்க்கும் ஒரு மொடியூலை, அதாவது ஒரு குட்டிப் புரோகிராமை, அண்ணை எழுதினார்.

அது உதிர்த்தவற்றைக் கேட்டு நாங்கள் சிரித்தே செத்தோம். “வாற செவ்வாய் கோழி கூவ.” “முந்தநாள் மத்தியானம் வாறன்.” “போன வருசம் பின்னேரம் நாலு மணிக்கு உழப்போறன்.”

மொடியூலுக்குத் தீனி தேடித் தெருத்தெருவாய் அலைந்தார். அரிப்புக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வரும் முஸ்லிம் நானாவை மறித்து, “இனி எப்ப வருவீங்க?” என்றார்.

“மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வாறன். என்ன மீன் வேணும்?”

“மீன் வேணாங்க. நேரம் போதும்.”

நானா அன்று முழுக்க அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தார்.

பிறகு சொந்த வாழ்க்கையையும் மொடியூலிடமே ஒப்படைத்துவிட்டார். தலைமயிர் எப்போது வெட்டலாம் என்று விசையைத் தட்டினார். “தை பிறந்த பிறகு” என்று வந்தது. தை பிறக்குமட்டும் கரடி மாதிரித் திரிந்தார்.

சோதனையில் புரோகிராம் நூற்றுக்கு நூறு எடுத்தது. ஏன் எடுக்காது? கேள்வி கேட்டதும் அவர் பிள்ளை, பதில் சொன்னதும் அவர் பிள்ளை.

உயிலங்குளத்துப் பாக்கியக்கா அனுப்பிய செய்தியில்தான் வந்தது வினை. புருசனைப் பறிகொடுத்து, ஊர் திரும்பி, அக்கா தனியாளாய்ச் செய்யப்போகும் முதல் போகம். மழைக்கு முன் புழுதி உழுது விதைத்தால் உண்டு. இல்லையென்றால் அந்த வருசம் போச்சு. “நாளையிண்டைக்கு விடிய மிசின் வேணும்” என்று அனுப்பிவிட்டு, விதைநெல் எடுக்க மன்னாருக்குப் போய்விட்டார்.

மிசினோ அன்றைக்கே வந்து, ஆளில்லாத வயலைப் பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பின்னேரம் பாக்கியக்கா கொட்டகைக்குள் புகுந்தார்.

“ஆர் மிசினை இண்டைக்கு விட்டது?”

“நீங்கதானே அக்கா நாளைக்கு, இல்லாட்டி இன்னைக்குன்னு கேட்டீங்க? இன்னைக்கு மிசின் சும்மா நின்னுச்சு, கம்ப்யூட்டர் அனுப்பிடுச்சு.”

“நாளைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை! நாளையிண்டைக்கு!”

“அதைத்தான் கேக்குறேன். நாளைக்கா, இன்னைக்கா?”

அக்கா கதிரையில் பொத்தென்று இருந்தார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. “அண்ணை, நாளையிண்டைக்கு எண்டால் நாளைக்கு அடுத்த நாள்!”

அவர் வாயைப் பிளந்தார். “நாளன்னைக்கா? இந்தச் சனத்துக்கு ஒரு முடிவே எடுக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! எதுக்கும் இருக்கட்டும்னு கல்யாணத்துக்குக்கூட ரெண்டு நாளும் போய் நிப்பேன்.”

நான் சிரிக்க வாயெடுத்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அண்ணை சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன். அடுத்த ஊர் வயலில் சாரதி மிசினைத் திருப்பிக்கொண்டிருந்தான். இவர் போய் மிசினின் பெரிய சில்லுக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

“அண்ணை எழும்புங்கோ! அக்கான்ர முறை முடிஞ்சுது. இனி வாற மாசம்தான்.”

“அக்கா சரியாத்தான் சொன்னாங்க. தப்பு என்னோடது. வேணும்னா என் தலையில ஏத்திட்டுப் போங்க!”

“உங்கட தலையில ஏத்தினால் சில்லெல்லோ உடைஞ்சு போம்!”

நான் கதையைச் சொன்னேன். சாரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தான். “சரி, நாளையிண்டைக்கு விடிய வாறன். முதல் அந்த அக்காவுக்கு, பிறகுதான் மற்ற ஆக்கள்.”

அண்ணை படுத்தபடியே கையை நீட்டினார். “எத்தனையாவது நாள்னு விரல்ல காட்டுங்க.”

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் மிசின் வந்தது. சில்லுக்கு மேலே மட்காட்டில் அண்ணை குந்தியிருந்தார். உழவு முடியவும் அக்காவிடம் ஒரு கடகம் விதைநெல்லை வாங்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். விதைக்கத் தெரியாத மனிதன். கோழிக்குத் தீனி எறிகிற மாதிரி ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டினார். பின்னேரம் மழை பிடித்தது. அந்த மழைக்குள் அண்ணை குதித்த குதியை உயிலங்குளமே கூடி நின்று பார்த்தது.

பயிர் முளைத்தபோது வயல் முழுக்கச் சீராய் நின்றது. அந்த மூலையில் மட்டும் அடைசலாய், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றது. “கலைச்சு நடலாமே அக்கா” என்றேன்.

“விடு தம்பி. அது அந்தப் பிள்ளை விதைச்சது.”

அண்ணை கொழும்புக்கு வேலை கிடைத்துப் போன அன்று நான் கொட்டகைக்குப் போகவில்லை. அந்த மூலை வரம்பில்தான் கனநேரம் இருந்தேன்.