அவர் பேச்சை மட்டும் கேட்கும் கருவி

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். குரலுக்குப் பணியும் ரிமோட்டை உருவாக்கிய பொறியாளர், அவர் மனைவி, மனைவியின் தகப்பனாரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேலாளர். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியையும் சேர்த்தால் ஐவர். சொன்ன பேச்சைக் கேட்பதற்கென்றே ஒன்று அங்கே இருந்தபோது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முறையாகாது.

பொறியாளருக்கு அலுவலகத்தில் 'தொண்டை' என்று பட்டப்பெயர். காரணம் உண்டு. ஜலதோஷத்தோடு, கொட்டாவியோடு, வாய் நிறையச் சோற்றோடு என்று தம்முடைய ஒரே தொண்டையை எல்லா நிலைகளிலும் பதிவுசெய்து அந்தக் கருவிக்குப் பழக்கியிருந்தார். அவர் முணுமுணுத்தாலும் அது புரிந்துகொள்ளும். வேறு எவர் கத்தினாலும் அசையாது. மற்ற ரிமோட்டுகளை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பிறகுதான் கட்டளை. இவர் அந்தக் கூப்பாட்டையே நீக்கிவிட்டார். ஆணையிடுகிறவன் கூப்பிட்டுக்கொண்டு நிற்பதா என்பது அவர் கொள்கை.

கொள்கைக்கு அடியில் உள்நோக்கமும் இருந்தது. மாலையில் ஏழாம் சேனலில் செய்தி விவாதம். அதே நேரத்தில் பதினெட்டில் மனைவியின் தொடர். மணவாழ்க்கையில் ஒரு விவாதத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆகவே பொத்தான் வைத்த பழைய ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாட்டில் என்னதான் முடிவாகிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறோம் என நம்பினார்.

சோதனையை வீட்டில்தான் வைப்பேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் சேனலுக்காக எவரும் சண்டை போடுவதில்லையாம். தேறினால் புதிய குழுவுக்குத் தொண்டையே தலைவர். தேறாவிட்டால் அழைப்புமணிப் பிரிவு. அங்கே அனுப்பப்பட்டவர்கள் தூக்கத்திலும் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார்கள் என்று பேச்சு.

"போடு," என்றார். தொலைக்காட்சி விழித்தது.

"ஏழு." விவாதம் வந்தது.

"அம்மா, நீங்க மாத்திப் பாருங்க," என்றார் மேலாளர்.

"பதினெட்டு," என்றாள் மனைவி. அசைவில்லை. தலைமையாசிரியர் தம் பழைய வகுப்பறைக் குரலை எடுத்து "பதினெட்டு!" என்று அதட்டினார். தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது. தொலைக்காட்சி அசையவில்லை.

"இவ தலைகீழா நின்னாலும் நடக்காது சார்," என்றார் பொறியாளர்.

"பாக்கலாம். நான் ராத்திரி வரைக்கும் இங்கதான். அதுக்குள்ள உங்க வீட்டம்மா ஒரு தடவை மாத்திட்டாலும் நீங்க தேறல."

"அதுக்கென்ன சார், காபி சாப்பிடுங்க," என்று மனைவி உள்ளே போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டு போனாள்.

காபி வந்தது.

"என்னங்க, உங்களுக்குச் சர்க்கரை இன்னும் கொஞ்சம்?"

"போதும், போதும்."

தொலைக்காட்சி அணைந்தது.

"என்ன இது, தொண்டை?" என்றார் மேலாளர்.

"அது நிறுத்தற வார்த்தை சார். நான்தான் வாய் தவறி… போடு!" படம் மீண்டும் வந்தது. மேலாளர் கன்னத்தைச் சொறிந்தார். அந்தச் சொறிதலில் பொறியாளருக்கு எங்கோ ஓர் அழைப்புமணி ஒலித்தது.

மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா இருக்கறப்பவே கேட்டுடறேன். நமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

பொறியாளர் தொலைக்காட்சியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சும்மாதான். மறந்துட்டீங்களா?"

தலைமையாசிரியர் செய்தித்தாளை மடித்தார். "எனக்கே ஞாபகம் இருக்கே, மாப்பிள்ளை."

"நிஜமாவே மறந்துட்டீங்களா?" என்றார் மேலாளரும், வேலையை மறந்து.

விடை நுனிநாக்கில் நின்றது. சொன்னால் சேனல் போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். முணுமுணுக்கலாம் என்றால், முணுமுணுப்பைப் புரிந்துகொள்ள அதற்குப் பயிற்சி கொடுத்த அறிவாளி அவரே. சுற்றிவளைத்துப் பார்த்தார்.

"இருபதுக்கு ரெண்டு குறைச்சல்."

கருவி ஒரு சொல்லையும் வீணாக்கவில்லை. இருபதாம் சேனலுக்குப் போயிற்று. அங்கிருந்து இரண்டுக்குப் பாய்ந்தது. 'குறை' என்பதைப் பிடித்துக்கொண்டு சத்தத்தையும் குறைத்தது.

"இது என்ன விடுகதையா? என் பொண்ணு கேட்டா நேராப் பதில் சொல்ல முடியாதா?" என்றார் தலைமையாசிரியர்.

"பதினெட்டு! பதினெட்டு வருஷம்! போதுமா?" என்று வெடித்தார் மருமகன். தொடர் வந்தது, 'போதும்' என்ற பாதியைக் கேட்டு அணைந்தது, அவர் பதற்றத்தில் "ஐயோ, போடு!" என்றதும் மறுபடி அதே தொடர் வந்து நின்றது. ஆனால் சத்தம் எழவில்லை.

"பாவம், அப்பாவுக்குக் காதுல விழல," என்றாள் மனைவி. "ஏங்க, காலையில வீட்டைக் கூட்டச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

மேலாளர் எதிரில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பதினெட்டு ஆண்டுப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

"அப்பவே கூட்டிட்டேனே!"

சத்தம் கூடியது. கதாநாயகியின் அழுகை கூடத்தை நிறைத்தது. தலைமையாசிரியர் நிறைவோடு சாய்ந்துகொண்டார்.

மேலாளர் திரையை விட்டுப் பொறியாளரின் மனைவியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அம்மா, நீங்க அதுகிட்ட ஒரு வார்த்தையும் பேசலையே?"

"நான் எதுக்கு சார் பேசணும்? அது இவர் பேச்சைக் கேக்குது. இவர் என் பேச்சைக் கேக்கறார். நடுவுல எனக்குத் தனியா ஒரு ரிமோட் எதுக்கு?"

"கருவி மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் மேலாளர். பொறியாளர் நிமிர்ந்தார். "ஆனா அதை எங்க தட்டினா எங்க விழும்னு தெரிஞ்சவங்கதான் குழுவுக்குத் தலைமை தாங்கணும். திங்கட்கிழமை நீங்க வரமுடியுமாம்மா? தொண்டை உங்களுக்குக் கீழ வேலை பாக்கட்டும்."

"அவர் சம்மதம் இல்லாம நான் எதுவும் செய்யறதில்ல சார்," என்று அவள் அடக்கமாகத் திரும்பினாள். "என்னங்க, சரியா, வேண்டாமா?"

'சரி' என்றால், ஓடுகிற சேனலை நிரந்தரமாக்கிக்கொள்ளும்படி அவரே அமைத்திருந்தார். 'வேண்டாம்' என்றால் அணைந்துவிடும். திரையில் கதாநாயகி ஏதோ ஒரு கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மருமகனின் உதடுகள் பிரிவதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, எதுவா இருந்தாலும் இது முடிஞ்சப்புறம் சொல்லுங்க."

பொறியாளர் திறந்த வாயை மூடினார். எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கருவியின் காதுக்கு எட்டாத இடம் தேடி, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே நடந்தார்.