பைலா நைனாவும் எங்கள் ஐந்தாம் தெருவும்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தான் போட்ட பூட்டைத் தானே திறக்க முடியாமல் செத்துப்போன மனிதர் எங்கள் பைலா நைனா ஒருவர்தான். எண்பதுகளில் அண்ணனூர் பக்கம் நாங்கள் குடியிருந்த காலனியின் சங்கச் செயலாளர். விதிமுறைப் புத்தகமான பைலாவை எழுதியவரும் அவரே. தன் வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கத் தனக்கே மனு எழுதி, "காலனி கலர் நீலம்" என்று தானே நிராகரித்தவர்.

அப்போது சுற்றிலும் முள்காடு, திருட்டு பயம். அதனால் தெருவுக்கு ஓர் ஏர் கன் வைத்துக்கொள்ளலாம் என்று பைலாவில் எழுதினார். கடற்கரையில் பலூன் சுடுவோமே, அது. இந்த உரிமையில் எவனும் கை வைக்கக் கூடாதென்று பூட்டும் போட்டார். அந்த விதியை மாற்ற ஐந்து தெருவும் தனித்தனியாகக் கூட வேண்டும். ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி வீடுகளின் குடும்பத் தலைவர்கள் நேரில் வந்து கை தூக்க வேண்டும். ஒரு தெரு மறுத்தாலும் ஐந்து வருஷத்துக்குப் பேச்சே எடுக்கக் கூடாது.

திருடன் ஒருவனும் வரவில்லை. துப்பாக்கிகள் அணிலைச் சுட்டன, தண்ணீர்த் தொட்டியைச் சுட்டன. ஒருநாள் தொட்டியில் பட்டுத் தெறித்த ஈயக்குண்டு நைனாவின் இடது கண்ணைக் கொண்டுபோனது.

கண்ணில் கட்டோடு திருத்த மனு எழுதினார். "என் கண்ணு போச்சு, போவட்டும். நாளைக்கு ஒரு கொயந்த கண்ணு போனா நான் இன்னா பண்ணுவேன்?"

"அஞ்சு துப்பாக்கியையும் புடுங்கி ஏரில போட்ருவோம் நைனா" என்றார்கள் சிலர்.

"பைலா ஒத்துக்காதே!" என்றார் பரிதாபமாக.

'ரெண்டாம் தெரு முதல்ல குடுக்கட்டும்' என்றது முதல் தெரு. இரண்டாம் தெருவும் அதையே திருப்பிச் சொன்னது. நைனா இரண்டு வருஷம் நடையாய் நடந்து நான்கு தெருக்களைச் சம்மதிக்க வைத்தார். மிச்சம் எங்கள் ஐந்தாம் தெரு. மொத்தமே எட்டு வீடு. ஆனாலும் நாற்பது வீட்டு முதல் தெருவுக்கு உள்ள அதே மதிப்பு!

எங்கள் துப்பாக்கி மோசஸ் அண்ணனிடம் இருந்தது. "இன்னிக்கு துப்பாக்கிய கேப்பாரு, நாளைக்கு போர் மோட்டார கேப்பாரு. குட்த்துருவியா?" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். தெருவிலேயே போர் மோட்டார் அவர் வீட்டில்தான். எங்கள் வீட்டுக் குடமும் அங்கேதான் நிரம்பியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆறு கை வேண்டும், ஐந்துதான் உயர்ந்தது. ஆறாவது கை போர்வைக்குள் இருந்தது. ஆமாம், என் கைதான். காய்ச்சல் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டுப் படுத்திருந்தேன்.

"அவுரும் சரின்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. எய்திக்கோ நைனா" என்றார்களாம்.

"கை தெரியணும்பா" என்றாராம். தீர்மானம் தோற்றது.

மறுநாள் காலை நைனா பன்னும் மாத்திரையுமாக என் வீட்டு வாசலில் நின்றார். "ஜொரம் வுட்டுச்சாபா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்திருக்கும். "பரவால்ல, எறங்கிடுச்சு" என்றார்.

ஐந்து வருஷம் முடிய சில மாதங்கள் இருக்கையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு பூட்டைத் தொட ஆளில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், என் பெயருக்கு எதிரே எழுதியிருந்தார்: 'வரவில்லை. காய்ச்சல். பாவம்.'

அந்தக் குறிப்பேடு முழுக்க, பைலாவில் இடமில்லாத வார்த்தை அந்தப் 'பாவம்' ஒன்றுதான். எனக்கு அன்று காய்ச்சலே இல்லை, நைனா.