ஜெர்மனி அந்தோனியாரின் தலை

என் மச்சான் பெனடிக்ற் ஒரு பொய்யன். அதுவும் செபம் செய்துகொண்டே பொய் சொல்கிற பொய்யன்.

பெனடிக்ற் என் மனைவி மெற்றில்டாவின் தமையன். ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே பழைய சாமான் சந்தைகளில் கண்டதை வாங்கிவந்து லண்டனில் எங்கள் தலையில் கட்டுவது அவன் பொழுதுபோக்கு. நான் குடியை விட்ட புதிதில் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தான். (குடியை விட்ட புண்ணியம் எனக்கில்லை. மெற்றில்டா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். வாயைக் கட்டியது நான், பெயர் அவருக்கு.) துவாய்த் துணியில் சுற்றிய ஒரு சொரூபத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"பழைய ஜெர்மன் பீங்கான். அந்தோனியார். அந்தக் காலத்துச் சனம் வீட்டில வச்சுக் கும்பிட்டது."

மண்ணிற அங்கி, இடுப்பில் கயிறு, உச்சி மழித்த தலை. எல்லாம் சரி. கூடவே ஒரு தொந்தி, சிவந்த கன்னம், கையில் குவளை. அந்தக் கன்னம் எனக்கு எங்கோ பார்த்துப் பழகியதுபோல இருந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"குழந்தை யேசு எங்கை?" என்று மெற்றில்டா கேட்டாள். அந்தோனியார் கையில் குழந்தை இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இது குழந்தை காட்சி குடுக்க முந்தின அந்தோனியார்," என்றான் பெனடிக்ற். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப குவளை?"

"ஏழைப் பிள்ளையளுக்குப் பால்."

தூக்கிப் பார்த்தேன். கனத்தது. "நல்ல பீங்கான் கனமாத்தான் மச்சான் இருக்கும்," என்றான். நம்பினேன். நான் வான் ஓட்டுகிறவன். எனக்குப் பீங்கான் என்றால் கோப்பை, அதைவிட்டால் கக்கூஸ்.

போர்த்துக்கலிலிருந்து வந்த பீங்கான் மாதாவுக்குப் பக்கத்தில் அவரை வைத்தோம். செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி. மெற்றில்டா அவரைக் கையால் தொடவே மாட்டாள். தூசி தட்ட ஒரு பூந்தூரிகை வைத்திருந்தாள். பெனடிக்ற் அடிக்கடி வரத் தொடங்கினான். வந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முதல், "நான் கொஞ்ச நேரம் தனியச் செபிக்கவேணும்," என்று அறைக் கதவைச் சாத்துவான். வெளியே வரும்போது கண் கலங்கியிருக்கும். "அண்ணையைப் பாருங்கோ," என்று மெற்றில்டா என்னைக் குத்திக் காட்டுவாள்.

ஒரு வருடம் முடிந்ததும், நேர்த்திக்கு நன்றியாக வீட்டில் செபக் கூட்டம் வைத்தோம். பாதர் வந்தார். பங்கிலுள்ள எங்கள் சனம் வந்து, இடம் போதாமல் படிகளிலும் உட்கார்ந்தது. முன்வரிசையில் பிலோமினா அக்கா. எங்கள் வீட்டில் தும்மினால் பத்து மைல் தள்ளி பார்க்கிங் என்கிற ஊரில் இருப்பவர்களுக்கு மருந்து சொல்கிறவர்.

என்னைச் சாட்சியம் சொல்லச் சொன்னார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன். அந்தச் சனம் என்னைக் கலியாண வீடுகளில் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் போட்ட சனம். அன்றைக்காவது என்னை மனிசனாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

"ஒரு வருசமா இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரேல்லை," என்றேன்.

"நத்தார் பண்டிகைக்கும் இல்லையோ, தம்பி?" என்றார் பிலோமினா அக்கா, மெதுவாக. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷாமில் கேட்டிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. (கோபத்துக்கு யாரும் நேர்த்தி வைக்கவில்லை.) எங்கள் ஆட்கள் பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். என் பிள்ளை மேல் மாடியில் போனோடு இருந்தது. கைக்கெட்டிய தலை அந்தோனியாருடையது.

"அந்தோனியார் தலையில அடிச்சுச் சொல்லுறன்," என்றேன். அடித்தேன்.

தலை உடையவில்லை. கழன்றது. கழன்று பிலோமினா அக்காவின் மடியில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு தக்கை. உடல் சரிந்து லேஸ் விரிப்பில் ஊற்றத் தொடங்கியது. அது ஒரு சாராயப் போத்தல். சாமியார் உருவத்தில் செய்த போத்தல்.

பிலோமினா அக்கா தலையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "பிராண்டி," என்றார்.

படியில் இருந்து ஒரு குரல், என்னைத்தான்: "ஜெராட் அண்ணை நல்ல இடமாப் பாத்துத்தான் ஒளிச்சிருக்கிறார்."

நான் என்ன செய்தேன்? தலையைப் பறித்துத் திரும்பப் பொருத்தினேன். பின்பக்கமாக. கடைசி மன்றாட்டை அந்தோனியார் சுவரைப் பார்த்தபடி கேட்டார். போகிற போக்கில் பிலோமினா அக்கா மாதாவின் தலையையும் மெல்லத் திருகிப் பார்த்தார். மாதா அசையவில்லை. அவர் நல்ல இடத்தில் செய்யப்பட்டவர்.

மெற்றில்டா லேஸ் விரிப்பைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒரு வருடமாக நான் காணவில்லை.

சனம் போனதும் அவளுக்கும் கேட்கிற மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெர்மனியில் இருந்த பெனடிக்ற்றுக்கு அடித்தேன்.

"உன்ரை அந்தோனியாற்றை தலை கழண்டிட்டுது."

அவன் கேட்டான்: "எல்லாம் ஊத்துப்பட்டிட்டுதோ? மிச்சம் கிடக்கோ?"

வீட்டில் நான் பிழைத்தது அந்த ஒரு கேள்வியால். அவன் வரும்போதெல்லாம் நிரப்பி, தனியாகச் செபித்துச் செபித்தே தக்கை தளர்ந்திருக்கிறது. ஆனால் பங்குச் சனம் அந்தப் போனைக் கேட்கவில்லை. அவர்களிடம் அவன் சொன்னது வேறு: "நான் வெறும் சொரூபம்தான் குடுத்தனான். உள்ளுக்க ஊத்தினது ஆரெண்டு எனக்கென்ன தெரியும்?"

இன்றைக்கும் கலியாண வீடுகளில் கார் பார்க்குக்கு நழுவுகிற ஆண்கள், "அந்தோனியாரைக் கும்பிட்டிட்டு வாறன்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். என் மகளும் சிரிக்கிறாள். வீட்டுக்கு யார் சொரூபம் கொண்டுவந்தாலும் மெற்றில்டா முதலில் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறாள். நான் இன்னும் ஒரு சொட்டும் தொடவில்லை. அதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

பெனடிக்ற், வருகிற ஆனியில் அந்தோனியார் திருநாளுக்கு நீ லண்டன் வருகிறாய். பூசை முடிந்து மண்டபத்தில் சனம் சாப்பிட உட்காரும்போது மைக்கை உன் கையில் தருவேன். அத்தனை பேருக்கும் முன்னால், பிலோமினா அக்காவுக்கு நேரே நின்று சொல்: அதற்குள் பிராண்டி ஊற்றியது யார்? சத்தியம் செய்யவேண்டாம். வாயைத் திறந்து சொன்னால் போதும்.